பக்கவாசல் காவல்

பாட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் அந்த அப்பம் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் இருக்கும். ஓரம் மடங்கி, ஒரு பக்கம் நைந்து, நடுவில் அச்சிட்ட சிலுவை மட்டும் அழியாமல் இருந்தது. போத்தனூரில் எங்கள் பங்குக் கோவிலில், மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், நற்கருணை ஆராதனை நடந்துகொண்டிருந்த நேரம். எங்கள் தெரு ஜெபக்குழுவின் தலைவி பாட்டுத் தேடிப் புத்தகத்தைப் புரட்டியவர், "ஐயோ, சாமீ!" என்று போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பூசையில் சாமியார் வசனம் சொல்லி உயர்த்தி எழுந்தேற்றம் செய்த அப்பத்தை நாங்கள் நன்மை என்போம், நற்கருணை என்றும் சொல்வோம். வெளியாள் பார்த்தால் அது கோதுமை வில்லை. எங்களுக்கு அது கிறிஸ்துவின் உடல், கடவுளேதான். யாரோ அதைக் கையில் வாங்கி, உண்ணாமல், புத்தகத்துக்குள் செருகிவைத்திருக்கிறார்கள். அங்கே முழங்காலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது இதுதான். எனக்கு மட்டும் சற்று முன்னதாகவே தோன்றிவிட்டது.

அது என் தொழில் புத்தி. முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். ஊரில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, டி.டி.ஆர். என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டிக்குள் காலை வைத்ததும் யாரிடம் டிக்கெட் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பவன், நான் வருவதற்கு முன்பே கண்ணை மூடித் தூங்குகிறவன், கேட்காமலே சிரிக்கிறவன் என்று ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். இதில் எனக்குப் பெருமை வேறு. சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டினாலும் இந்தப் புத்தியைக் கழற்றி மாட்டத் தெரியவில்லை. காய்கறிக்காரன் தராசை, பால்காரன் கேனை, என் மனைவி "தலைவலி" என்று சொல்வதை, எதையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. "உங்களோட பேசறதுக்கே ஒரு டிக்கெட் எடுத்து வெச்சுக்கோணுமாட்ட இருக்குதுங்க" என்பாள் அவள். அதில் அவள் சிரிப்பு எவ்வளவு, சலிப்பு எவ்வளவு என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

எனவே எங்கள் பங்குக்குப் புதிதாக வந்த சாமியாரையும் நான் சந்தேகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. நாற்பதுக்குள் வயது. மேட்டுப்பாளையம் பக்கம் பாக்குத் தோப்புக் குடும்பத்துப் பிள்ளை. வந்த முதல் மாதமே பிரசங்கத்தில் வேறு எதையும் பேசாமல் நற்கருணையைப் பற்றி மட்டுமே பேசினார். "வரிசையில நிக்கறப்ப பேசிக்கிட்டு வரீங்க, வாங்கிட்டுப் போறப்ப பேசிக்கிட்டுப் போறீங்க. யார வாங்கறீங்கன்னு ஒரு நிமிசம் நெனச்சுப் பாருங்க" என்றார். அவர் ஒருவர் மட்டும் நன்மையை வைத்துப் பூட்டும் நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழந்தாள் படியிடும்போது தரையில் முட்டி இடிக்கும் சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்கும். நாடகம் என்று நினைத்தேன். ஆறு மாதம் போனால் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஓயவில்லை. வியாழன்தோறும் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை, சூரியக் கதிர் விரிந்தாற்போல் செய்த கதிர்ப்பாத்திரத்தில் நன்மையைப் பீடத்தின் மேல் வைத்து, தெருவுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கு பிரித்து, ஆளில்லாமல் ஒரு நிமிடமும் இருக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார். சும்மா சொல்லக் கூடாது, ஜனம் மாறியது. லோகோ ஷெட்டிலிருந்து கிரீஸ் கையோடு வந்து பத்து நிமிடம் முழங்காலில் இருந்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசை முடிந்ததும் வாசலில் சந்தைக்கடை மாதிரி இருந்த இரைச்சல் குறைந்தது. அந்தக் காலத்தில்தான் நன்மையைக் கையில் வாங்கும் வழக்கமும் எங்கள் பக்கம் வந்தது. அதுவரை நாக்கை நீட்டி வாங்கியவர்கள், இடது உள்ளங்கையை வலது கையின் மேல் சிம்மாசனம் போல வைத்து வாங்கி, அங்கேயே நின்று உண்ண வேண்டும். சாமியார் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. கையில் கொடுத்தால் அது எங்கே போகும் என்று எவனுக்குத் தெரியும்?

எங்கள் தெருவுக்கு வந்த முறை பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு. என் பணி நேரம் ஒத்துவந்தால் நானும் போவேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரத்தில் நான் கதிர்ப்பாத்திரத்தைப் பார்த்ததைவிடப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்ததுதான் அதிகம். யார் தூங்கி விழுகிறார்கள், யார் கால் மணி நேரத்தில் நழுவுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அங்கே தூணுக்குப் பின்னால் தரையில் உட்காரும் ஓர் அம்மாள் உண்டு. பஞ்சாலையில் முதல் ஷிப்ட் முடிந்து நேராக வருவார். தலைமுடியில் பஞ்சுத்தூசு அப்படியே இருக்கும். காங்கேயம் பக்கத்தில் தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம். கணவர் இறந்த பிறகு தங்கையோடு போத்தனூரில் லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார். எல்லாரும் அவரை மில்லக்கா என்போம். ஒரு காலத்தில் பூசையில் அவர் குரல்தான் பாடகர் குழுவையே அமுக்கும். அந்த வருடம் அவர் பாடுவதை நிறுத்தியிருந்தார். செபமாலைக்கும் வாயைத் திறப்பதில்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு கதிர்ப்பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பஞ்சாலைக்காரர்களுக்குப் புகையிலைப் பழக்கம் உண்டு என்பது ஊரறிந்தது. வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு ஆராதனைக்கு வந்து உட்காருகிறாள் என்று அப்போதே முடிவு கட்டியிருந்தேன். மனசுக்குள் நான் அவருக்கு 'அவர்' போடவில்லை.

புத்தகத்தில் அப்பத்தைக் கண்ட அன்று எல்லாரும் பதறியெழ, மில்லக்கா மட்டும் இருந்த இடத்திலேயே நெற்றியைத் தரையில் வைத்துக் கவிழ்ந்துகொண்டார். அதையும் நான் குறித்துக்கொண்டேன். சாமியார் ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பீடத்துக்குக் கொண்டுபோய், அந்தத் தாளை அப்படியே தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்தார். அடுத்த மூன்று ஞாயிறும் பரிகார ஆராதனை. ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. மந்திரம் வைக்கிறவர்கள் நன்மைக்காக அலைகிறார்களாம், யாரோ ஒருத்தி வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறாளாம், அவசரத்தில் புத்தகத்தில் ஒளித்துவைத்து எடுக்க மறந்துவிட்டாளாம். யார் பார்த்தது என்று கேட்டால் பார்த்தவர் யாரும் இல்லை. சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டி.டி.ஆர். சார், நீங்க கொஞ்சம் பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க. வாயில போட்டாங்களான்னு மட்டும் பாத்தாப் போதும். யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க. எதுனாலும் எங்கிட்டச் சொல்லுங்க" என்றார். கேட்காதீர்கள் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்கும் தெளிவாகத்தான் கேட்டது.

கோவிலில் தென்பக்கம் ஒரு சிறு வாசல் உண்டு. வெளியே வந்தால் வேப்பமரம், அதன் அடியில் ஒரு குழாய். அந்த வாசலில் நின்றால் நன்மை வாங்குகிற வரிசை முழுக்கத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் ஞாயிறே ஆள் அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். மில்லக்கா கையில் வாங்கினார், வாயருகே கொண்டுபோனார், தாடை அசையவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இடத்துக்குத் திரும்பாமல், மற்றவர்கள் நன்றி சொல்லி முழங்காலில் இருக்கும்போது, என்னைக் கடந்து பக்கவாசல் வழியாக வெளியே போனார். குழாய்க்கு அந்தப் பக்கம், மரத்தின் மறைவில், எனக்கு முதுகைக் காட்டி நின்றார். ரொம்ப நேரம் நின்றார். இரண்டாம் ஞாயிறும் அதே கதைதான். மூன்றாம் ஞாயிறு நான் மூன்றடி பின்தொடர்ந்தேன். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் என்னைக் கண்டதும் சட்டென்று கையைக் கீழே இறக்கிக்கொண்டார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. டிக்கெட் இல்லாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். இதைச் சாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவர் பதமாக விசாரித்து, ஆற அமரப் பேசி, கையும் களவுமாகப் பிடிக்கிற வாய்ப்பைக் கெடுத்துவிடுவார் என்று பயந்தேன். பிடிக்கிற பெருமை எனக்கே வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுதான் நிஜம்.

நற்கருணைப் பெருவிழா வந்தது. எங்கள் பங்கில் அந்த வருடம்தான் அதைப் பெரிதாகக் கொண்டாடினோம். பூசை முடிந்ததும் கதிர்ப்பாத்திரத்தைக் குடையின் கீழ் ஏந்தி ரயில்வே காலனித் தெருக்கள் வழியாகப் பவனி. வாசலெங்கும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். பூ தூவப் பெண்கள் தட்டோடு தென்பக்கத்தில் கூடியிருந்தார்கள். மில்லக்கா வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு வந்திருந்தார். வாங்கினார், முந்தானையால் மூடினார், பக்கவாசலுக்கு வந்தார். நான் நிலைப்படியில் குறுக்கே கையை வைத்தேன்.

"ஏனுங்க்கா, ஒரு நிமிசம் நில்லுங்க. எங்க இத்தன அவசரமாப் போறீங்க?"

அவர் குழாயைக் காட்டினார்.

"நன்மைய எங்க வெச்சிருக்கீங்க?"

வாயைக் காட்டினார்.

"அப்பிடீன்னா வாயத் தொறந்து காட்டுங்க."

பூத்தட்டோடு நின்ற பெண்கள் திரும்பிவிட்டார்கள். ஜெபக்குழுத் தலைவி பக்கத்தில் வந்து நின்றார். ஒருவரும் "விடுங்க" என்று சொல்லவில்லை. மில்லக்கா என் கண்ணைப் பார்த்தார். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தார். இரண்டு விரல் அகலம்கூட இல்லை. வேண்டுமென்றே மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

"இன்னும் நல்லாத் தொறங்க."

அவர் திறக்க முயன்றார். அந்த முகம் போன கோணலை என்னால் எழுத முடியவில்லை. உள்ளே நன்மை இருந்தது. முழுசாக, ஊறி, நாக்கில் ஒட்டிக்கொண்டு. அதற்குப் பக்கத்தில் கன்னத்தின் உட்புறம் முழுவதும் வெந்ததுபோல் வெளுத்தும் சிவந்தும் புண். வாடை முகத்தில் அடித்தது. கடைவாயிலிருந்து ரத்தம் கலந்த எச்சில் வழிந்தது. உடனே அவர் தம் இரண்டு கைகளையும் குவித்துத் தாடைக்குக் கீழே ஏந்திக்கொண்டார். வலிக்காக அல்ல. ஒரு துணுக்குக்கூடத் தரையில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. நன்மைக்குக் காவல் என்று நின்றவன் நான். கையை நீட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மடத்துச் சிஸ்டர் ஒருவர், மருந்தகம் நடத்தியவர், கூட்டத்தை விலக்கி வந்து ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். மில்லக்காவின் தோளை அணைத்துக் குழாயடிக்குக் கூட்டிப் போனார். கை நிறையத் தண்ணீர் பிடிப்பதும், ஒரு மிடறு எடுப்பதும், கண்ணை இறுக மூடி விழுங்குவதுமாக, அந்த வில்லை உள்ளே இறங்க இருபது நிமிடம் ஆனது. நான் மூன்று ஞாயிறு மரத்துக்குப் பின்னால் நடப்பதாகக் கற்பனை செய்த சூழ்ச்சி இதுதான். அதற்குள் மணியடித்துப் பவனி கிளம்பிவிட்டது. நானும் வரிசையில் நடந்தேன். எந்தத் தெரு வழியாகப் போனோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சாமியாரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "கேக்காதீங்கன்னு சொன்னனே" என்று மட்டும் சொன்னார். பிறகு, "உங்கள அங்க நிக்க வெச்சது நான்தான்" என்றார். அடுத்த வாரம், புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நன்மை வாங்குவதற்கு, பிள்ளைகளைத் தயார் செய்த இன்னொரு சிஸ்டர் சாமியாரிடம் அழாக்குறையாக வந்து நின்றார். எப்படி வாங்க வேண்டும் என்று பழக்குவதற்காக, எழுந்தேற்றம் ஆகாத வெறும் அப்பத்தைக் கோவிலில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். "ஒரு புள்ளைக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சாம் சாமி. எடுத்துப் பொஸ்தகத்துல வெச்சு மூடிப்போட்டாளாம். நீங்க பிரசங்கத்துல பேசப் பேச, பயந்துக்கிட்டு ஊட்ல கூடச் சொல்லல. நேத்துத்தான் அழுதுக்கிட்டே சொன்னா" என்றார். ஆக, நாங்கள் பதறியதும், கரைத்ததும், மூன்று வாரம் பரிகாரம் செய்ததும் வெறும் மாவுக்கு! ஊருக்கெல்லாம் போன உயிர் வந்தது. சிலர் சிரிக்கவும் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் அப்பத்தையும் நன்மையையும் பார்த்துப் பிரித்தறிய எந்தக் கண்ணாலும் முடியாது என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்தப் பாடத்தைக் காப்பாற்றுவதற்குத்தான் நான் என் கண்ணை நம்பிக் காவல் நின்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இது எனக்கு நெடுநாள் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் கோவிலில் முன்வரிசையில் ஒரு பேராசிரியர் உட்காருவார். அவரும் நன்மை வாங்கிய கையோடு வெளியே போய்விடுவார், ஸ்கூட்டர் நிறுத்திய இடத்தில் வெயில் ஏறுமாம். அவர் வாய் அசைந்ததா என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. அவரை நிறுத்தி வாயைத் திற என்று கேட்டிருப்பேனா? ரயிலிலும் அப்படித்தான். முதல் வகுப்பில் "சார், டிக்கெட் ப்ளீஸ்" என்பேன். பொதுப் பெட்டியில் "எடு, எடு" என்பேன். எனக்குச் சந்தேகக் குணம் என்று இத்தனை நேரம் ஏதோ எல்லாரையும் ஒன்றுபோலச் சந்தேகப்பட்டவன் மாதிரி எழுதிவந்திருக்கிறேன். அது பொய். யாரைக் கேட்கலாம், யாரைக் கேட்கக் கூடாது என்று என் சந்தேகத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்பு வழங்கினார், செபம் கொடுத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது, ஆனால் நான் நம்பவில்லை. இவ்வளவு சுலபமாகவா தீர்ந்துபோகும்? கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பட்டது. அன்றிலிருந்து பூசைக்குப் போவேன், நன்மை வாங்க வரிசையில் எழுந்து போகமாட்டேன். மில்லக்காவும் கோவிலுக்கு வரவில்லை. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள், வாய்ப்புற்று முற்றிவிட்டது என்று சொல்லி மாதம் ஒன்றில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வியாழன்தோறும் ஆராதனை முடிவதற்கு முன்னால், ஐந்து மணி வாக்கில், சாமியார் சிறு சிமிழில் நன்மையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். இரண்டாம் வாரம், "நீங்களும் வாங்க, மெழுகுவத்தி பிடிக்க ஆளில்ல" என்றார். இது தண்டனைதான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். அக்காவின் தங்கை எட்டிப் பார்த்து, "ஏனுங்க வெயில்ல நிக்கறீங்க, உள்ள வாங்க" என்றார். நடந்தது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார். உள்ளே மில்லக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பேச்சு குழறியது, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"வாங்கண்ணா. அன்னிக்கு நீங்க கேட்டது நல்லதாப் போச்சுங்க. இல்லீன்னா சாமி எங்கூட்டுக்கெல்லாம் வருவாருங்களா?"

தங்கைதான் மிச்சத்தைச் சொன்னார். "அக்காளுக்கு ஒரே பயமுங்க சாமி. முழுங்க முடியலீன்னு தெரிஞ்சா, நன்மை வாங்க வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்கன்னு. அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்கே போகாம மறச்சு வெச்சிருந்துது. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அது ஒண்ணுதானுங்க கெட்டியா உள்ள போனது. மத்த நாளெல்லாம் கஞ்சித்தண்ணிதான்." சாமியார் கட்டிலருகே முழங்காலில் இருந்தார். பிறகு ஒரு நன்மையிலிருந்து கடுகளவு பிட்டு, கரண்டித் தண்ணீரில் போட்டு, உதட்டோரம் ஊற்றினார். தங்கைக்கும் கொடுத்தார். என் பக்கம் திரும்பினார். நான் மெழுகுவர்த்தியைக் கவனிக்கிறவன் மாதிரி நகர்ந்துகொண்டேன். கட்டிலிலிருந்து அக்கா அதைப் பார்த்தார். ஒவ்வொரு வாரமும் பார்த்தார்.

'நல்லதாப் போச்சுங்க' என்று அவர் சொன்னது உண்மைதானா என்று நான் ஆண்டுக்கணக்காக யோசித்திருக்கிறேன். எங்கள் ஊர் மரியாதை அப்படிப்பட்டது. மிதித்தவன் காலுக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். மன்னித்தாரா, வீடு தேடி வந்தவன் மனசு நோகக் கூடாது என்று சொல்லிவைத்தாரா, மெல்லக் குத்திக் காட்டினாரா? என்னிடம் இருந்த எந்தச் சோதனையும் அதில் செல்லவில்லை. இப்போது நான் பணி ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. ஆராதனைக்கென்று தனிச் சிற்றாலயம் கட்டியிருக்கிறார்கள், தினமும் நடக்கிறது, மின்விசிறியும் மெத்தை வைத்த முழந்தாள் பலகையும் உண்டு. வியாழன் மூன்று மணிக்கு நான் போகிறேன். பின்னால் யாராவது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என் கண் இன்றும் அந்தப் பக்கம் போகிறது. குணம் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு பதில் கிடைத்ததாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது அவருடைய கடைசி வியாழனில்.

அன்று அவருக்குப் பேச்சு முற்றிலும் நின்றுபோயிருந்தது. சாமியார் வழக்கம்போல் கரண்டியை உதட்டில் வைத்துச் சாய்த்தார். அக்கா விழுங்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தண்ணீர் அப்படியே கடைவாய் வழியாகத் திரும்பி வந்தது. சாமியார் அதைக் கீழே விடாமல் கரண்டியிலேயே பிடித்துக்கொண்டார். மறுபடி கொடுக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்தது. இப்படி ஆனால் தண்ணீரில் கரைத்து, காலடி படாத மண்ணில் ஊற்றிவிடுவது முறை. தங்கை தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அப்போது அக்கா கையைத் தூக்கினார். வேண்டாம் என்று தம்ளரைத் தள்ளினார். பிறகு அந்தக் கையால் என்னைக் காட்டினார்.

"அக்கா உங்கள வாங்கிக்கச் சொல்லுதுங்க" என்றார் தங்கை.

சாமியார் தயங்கினார். "கட்டாயம் ஒண்ணும் இல்லைங்க, டி.டி.ஆர்." என்றார். கரண்டியில் கலங்கிய தண்ணீர், அதில் ஒரு வெள்ளைத் துணுக்கு, ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. எனக்கு அருவருப்பு வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அதே வாடைதான். பக்கவாசலில் முகத்தில் அடித்த அதே வாடை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெழுகுவர்த்தியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு முழங்காலிட்டேன்.

"கிறிஸ்துவின் உடல்" என்றார் சாமியார்.

"ஆமென்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகு வாங்குகிறேன். சட்டென்று இறங்கவில்லை. நான் விழுங்கும்வரை அக்காவின் கண் என் கழுத்தைவிட்டு அகலவில்லை. விழுங்கினேன். பிறகு, யாரும் கேட்காமலே, அவர் பக்கமாக முகத்தைத் திருப்பி வாயை நன்றாகத் திறந்து காட்டினேன்.

அக்கா பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். பார்த்துவிட்டு, போகலாம் என்பதுபோல் ஒருமுறை தலையை ஆட்டினார்.